சூளையில் காய்ந்த முப்பத்தேழு உறைகள்

அன்று காலை பத்தரை மணிக்கு வட்ட அலுவலகத்தின் பெரிய அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசையின் தலைமாட்டில், கைவைத்த நாற்காலியில், அதிகாரி. அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, செங்கல் சூளைக்காரர். அவர் வராத நாளிலும் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. இடப்புறம் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிக்கார அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தவர். அவருக்கு அடுத்துப் போஸ்ட் மாஸ்டர், கூப்பிட்ட காரணம் தெரியாததால் நாற்காலியின் நுனியில். கதவை ஒட்டி நின்றபடி, ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த பியூன். ஜன்னலோரச் சின்ன மேசையில் எழுத்தர்.

கூட்டக் குறிப்பின் முதல் பத்தியில் இவ்வளவையும் எழுதி முடித்து எழுத்தர் பேனாவை மூடினார். எங்கே யார் உட்கார்ந்தார்கள் என்று எழுதச் சொல்லி எந்த விதியும் இல்லை. அது அவர் பழக்கம். எதை எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வதும் பழக்கம். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் ‘கார்பன்’ என்று பெயர். வேறு பெயர் இருந்தது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆராய்ச்சிக்கார அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் நாலு நாடுகளை ஒப்பிட்டுப் பாக்கறேன் சார். நாலுமே ஒரே ஆட்சிக்குக் கீழ இருந்தது. ஒரே பத்து வருஷத்துக்குள்ள விடுதலை ஆச்சு. போனவங்க நாலு இடத்துலயும் ஒரே சட்டப் புத்தகத்தை, ஒரே படிவத்தை, ஒரே மாதிரி ரப்பர் முத்திரையைத்தான் விட்டுட்டுப் போனாங்க. அப்புறம் ஏன் ஒரு இடத்துல அரசாங்கம் சொன்னா நடக்குது, ஒரு இடத்துல தலைநகரத்து எல்லையிலயே நின்னு போகுது? அதான் என் கேள்வி.”

“நல்ல கேள்வி” என்றார் அதிகாரி. எந்தக் கேள்வியானாலும் அவர் முதலில் சொல்வது அதைத்தான்.

“அரசோட வலுவை அளக்க நான் எடுத்துக்கிட்டது ஒரே விஷயம். உத்தரவு ஒரு அலுவலகத்துக்கு வந்த நாள்லேருந்து நிறைவேத்தின நாள் வரைக்கும் எத்தனை நாள்? நாலு நாட்டுல நூத்திப் பன்னிரண்டு அலுவலகம் பாத்துட்டேன். முதல் நாட்டுல உத்தரவோட ஒரு சிப்பாயும் போறான். அங்க பதினாறு நாள். இரண்டாவதுல கட்சிக்காரர் போறார், முப்பது நாள். மூணாவதுல யாரும் போறதில்ல, உத்தரவும் போறதில்ல.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். “உங்க அலுவலகத்துல ஒன்றரை நாள். நூத்திப் பன்னிரண்டுல முதல் இடம்.”

அதிகாரி நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்தார். சூளைக்காரர் உயரவில்லை. அவர் ஏற்கெனவே மின்விசிறிக்குக் கீழே நிறைந்திருந்தார்.

எழுத்தர் ‘ஒன்றரை நாள்’ என்று எழுதினார். அந்த ஒன்றரை நாள் எப்படி வந்தது என்பது அந்த அறையில் நாலு பேருக்குத் தெரியும். ஐந்தாமவரான போஸ்ட் மாஸ்டருக்கு அரசல்புரசலாகத் தெரியும். தெரியாதவர் அதை அளக்க வந்தவர் ஒருத்தர்தான்.

விஷயம் இதுதான். தபால் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு வரும் சாலையில் பாதித் தூரத்தில் சூளை இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்த அலுவலகக் கட்டடம் எழும்பியபோது செங்கல் முழுவதையும் சூளைக்காரர் கொடுத்தார். பூசாமல் விட்ட சுற்றுச்சுவரில் இன்றைக்கும் ஒவ்வொரு கல்லிலும் அவருடைய பெயரின் முதலெழுத்து பதிந்திருக்கிறது. அப்போதிருந்த அதிகாரி நன்றிக்கடனாகப் பியூனிடம், “தபாலை எடுத்துட்டு வர்றப்ப அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வா” என்று சொல்லிவைத்தார். அந்த அதிகாரி போய் நாலு பேர் வந்துவிட்டார்கள். காட்டிவிட்டு வருவது மட்டும் போகவில்லை. சூளைக்காரர் உறைகளைப் பிரித்துப் பார்ப்பார். சம்மதமானவற்றைப் பியூனிடம் திருப்பிக் கொடுப்பார். அவை அலுவலகத்துக்கு வந்து, தபால் பதிவேட்டில் ஏறி, அன்றைக்கோ மறுநாளோ நிறைவேறிவிடும். தடுக்கத்தான் ஆளில்லையே. சம்மதமில்லாதவை சூளையிலேயே தங்கிவிடும். பச்சைக் கல்லைச் சூளையில் அடுக்குவதற்கு முன் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். அதைப் பார்த்து அலுவலகத்திலும் ஒரு பேச்சு வழங்கியது: “அந்த உத்தரவா? அது காயுது.”

பதிவேட்டில் ஏறாதது அலுவலகத்துக்கு வராதது. வராததை நிறைவேற்றவில்லை என்று யாரும் கேட்க முடியாது. ஒன்றரை நாள் அப்படித்தான் வந்தது.

“ஒரே ஒரு சின்ன விஷயம்” என்றார் ஆராய்ச்சிக்கார அம்மா. “தலைநகரத்துலேருந்து அனுப்பின பட்டியலும் கொண்டு வந்திருக்கேன். ஆறு வருஷத்துல பதிவுத் தபால்ல அனுப்பினது முன்னூத்திப் பதினொண்ணு. உங்க பதிவேட்டுல இருக்கிறது இருநூத்தி எழுபத்திநாலு. முப்பத்தேழு உறை காணோம். அதுக்குத்தான் போஸ்ட் மாஸ்டரையும் வரச் சொன்னேன். இந்த ஊர்ல அலுவலகம் வலுவா இருக்கு, தபால்தான் பலவீனம்னு எழுதப் போறேன்.”

போஸ்ட் மாஸ்டர் நாற்காலியின் நுனியிலிருந்தும் எழுந்துவிட்டார்.

“என்னம்மா எழுதப் போறீங்க? இருபத்தியாறு வருஷம் தபால்ல இருக்கேன். ஒரு கார்டு தொலைஞ்சதில்ல. ஒவ்வொரு பதிவுத் தபாலுக்கும் என் புத்தகத்துல கையெழுத்து இருக்கு. இதோ நிக்கறாரே, இவர் கையெழுத்து!”

எல்லோரும் பியூனைப் பார்த்தார்கள். பியூன் சூளைக்காரரைப் பார்த்தார்.

“வெள்ளத்துல போயிருக்கும்” என்றார் அதிகாரி அவசரமாக. “இங்க வருஷா வருஷம் வெள்ளம்.”

“வெள்ளம் வந்தா முப்பத்தேழை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போகுமா சார்? வெள்ளத்துக்குப் படிக்கத் தெரியுமா?” போஸ்ட் மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. “நாலு நாட்டுப் புத்தகத்துல என் தபால் நிலையத்துக்குக் கெட்ட பேரு. என் பேரன் பேத்தி படிக்கணும்!”

ஆராய்ச்சிக்கார அம்மா நிதானமாகப் பேனாவைத் திருகினார். “அப்போ நான் என்னன்னு எழுதறது? இந்த ஊர்ல, யாருக்குமே தெரியாம, முப்பத்தேழு அரசாங்க உறை மாயமாப் போச்சுன்னா?”

இதை அவர் யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. ஆனால் போய் விழுந்தது மின்விசிறிக்குக் கீழே. சூளைக்காரரின் முகம் சுட்ட கல் நிறத்துக்கு வந்தது. அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்திருப்பார். அவர் ஊரில் அவருக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது என்று சொல்வதைத்தான் அவரால் தாங்க முடியாது.

“யாருக்கும் தெரியாமயா?” என்றார். “என் ஊர்ல எனக்குத் தெரியாம ஒரு கோழி அடைகாக்காது. எதுவும் மாயமாகல. முப்பத்தேழும் என்கிட்டதான் இருக்கு. பத்திரமா. ஒரு தாள் கிழியல, ஒரு ஓரம் மடங்கல.”

“அண்ணே” என்றார் அதிகாரி, தண்ணீர் கேட்பவர் குரலில்.

“இருங்க அதிகாரி. அந்த அம்மா நாலு நாட்டுல தேடிக்கிட்டு வந்திருக்காங்க. தெரிஞ்சுக்கட்டும். பச்சைக் கல்லை அப்படியே சூளையில போட்டா என்ன ஆகும்? வெடிச்சிடும். உத்தரவும் அப்படித்தான். தலைநகரத்துல உக்காந்து ஈரத்தோட அனுப்பிடறான். ஊருக்குத் தாங்குமான்னு யாரு பாக்கறது? நான் பாக்கறேன். தாங்காததைக் காயப் போடறேன். கிழிச்சுப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கிழிக்கல. அரசாங்கத்துக் காகிதம்னு ஒரு மரியாதை.”

கைபேசியில் சூளைக் கணக்கரைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் கல் சுமக்கும் பலகை ஒன்றில், வந்த தேதி வரிசையில் அடுக்கி, சணல் கட்டி, முப்பத்தேழு உறைகள் வந்து சேர்ந்தன. பலகையைக் கொண்டுவந்த ஆள் அதை எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, காகிதம் இருந்த மேசை என்பதால் எழுத்தரின் மேசையில் வைத்துவிட்டுப் போனான். மேலே செம்மண் தூசி ஒரு விரல் கனம்.

“எண்ணிப் பாத்துக்கங்க” என்றார் சூளைக்காரர் பெருமையாக. “நாலு நாட்டுல எங்கயாவது இவ்வளவு ஒழுங்கு பாத்திருக்கீங்களா?”

ஆராய்ச்சிக்கார அம்மா இல்லையென்று நேர்மையாகத் தலையாட்டினார். அதிகாரி எல்லோரையும் பக்கத்து அறைக்குத் தேநீர் குடிக்க அழைத்தார். தேநீருக்கு நேரமாகவில்லை. யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. போகிற போக்கில் எழுத்தரிடம் குனிந்து, “பதினேழாவது கேள்விக்கு ‘எதுவுமில்லை’ன்னு போட்டு லெட்டரைத் தயார் பண்ணு. உறையெல்லாம் தபால்ல தொலைஞ்சதாவே இருக்கட்டும். அந்த அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்” என்றார்.

ஆராய்ச்சிக்கார அம்மா எல்லா அலுவலகங்களுக்கும் கொடுத்திருந்த கேள்வித்தாளின் பதினேழாவது கேள்வி: ‘பெறப்பட்டு, இன்னும் நிறைவேற்றப்படாத உத்தரவுகள் எத்தனை?’

அறையில் எழுத்தரும் பலகையும் மட்டும். வெளியே நடைபாதை பெஞ்சில் யாரோ இருமுவது கேட்டது. அந்த இருமல் அவருக்குத் தெரியும். எழுந்து போனார்.

பெஞ்சில் அவருடைய அக்கா, மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மனுவோடு.

“பதினொண்ணாவது” என்றாள். “நம்பரை நானே போட்டுட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்.”

“ஆபீஸ்ல வச்சு இப்படிப் பேசாதக்கா.”

“சரிங்க சார். வணக்கம்ங்க சார். ஐயா சாப்பிட்டீங்களா?”

எழுத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவும் அத்தானும் இருப்பது ஆற்றோரத் தாழ்வில். அங்கே அறுபது குடும்பம். நாலு வருஷத்துக்கு முன் அந்த அறுபது பேருக்கும் மேட்டு நிலத்தில் மனை ஒதுக்கி உத்தரவு போட்டாயிற்று என்று செய்தித்தாளில் வந்தது. மேட்டு நிலம் அரசாங்கத்துடையது. சூளைக்காரர் கல் காயப்போடும் களம் அதுதான். அக்கா மனு போட்டாள். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதினார்: ‘அம்மையீர், தாங்கள் குறிப்பிடும் உத்தரவு எதுவும் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை.’ அதில் பொய் இல்லை. நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை அவள் மனு போட, அவர் அதே பதிலை எழுத, இதுவரை பத்துக் கடிதம். உடன்பிறந்தவளுக்கு அவர் வாழ்நாளில் எழுதிய கடிதங்கள் அந்தப் பத்துதான்.

“இந்த மழைக்குத் தண்ணி கட்டில் கால் வரைக்கும் வந்துடுச்சு” என்றாள் அக்கா, ஊர்க் கதை சொல்வதுபோல. “அடுப்பைத் தூக்கிப் பெட்டி மேல வச்சேன். உன் அத்தான் உன்னோட பத்து லெட்டரையும் பரண்ல சொருகி வச்சிருக்கார். வீட்டுல நனையாத பொருள் அது ஒண்ணுதான். எழுத்து அழகா இருக்குடா தம்பி. அத நான் குறை சொல்லமாட்டேன்.”

மனுவைக் கையில் வாங்கிக்கொண்டு, “உக்காருக்கா” என்றார். “போயிடாத.”

உள்ளே வந்து பலகைக்கு முன் உட்கார்ந்தார்.

எழுத்தர் துணிச்சல்காரர் அல்ல. தெருநாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பவர். ஆனால் இருபது வருஷமாக ஒரு விதியை அவர் மீறியதில்லை: அவருடைய மேசைக்கு வந்த காகிதம் அன்றைக்கே பதிவேட்டில் ஏறும். இதுவரை அந்த விதியால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. மேசைக்கு வருவதை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் அவரே கைப்படக் கொடுத்தனுப்பிவிட்டார்.

சணலை அவிழ்த்தார். துணியால் தூசியைத் துடைத்தார். தேதி முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார்.

முதல் உறை. வரிசை எண், அனுப்பியவர், பொருள், பெற்ற தேதி. இரண்டாவது உறை. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் நியமிக்கச் சொன்ன உத்தரவு. ஒன்பதாவது, சூளைப் புகைக்கூண்டின் உயரம் பற்றியது. பதினான்காவது, ஆற்று மணல். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே இடைவெளி. அக்காவுடையதை முதலில் தேடி எடுக்கலாம் என்று கை ஒரு தடவை பரபரத்தது. எடுக்கவில்லை. வரிசையை உடைத்தால் பிறகு யாராவது அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். இருபத்திமூன்றாவது உறைதான் அது. ‘ஆற்றோரக் குடும்பங்கள் அறுபதுக்கு மேட்டு நிலத்தில் மனை.’ அதையும் மற்றவற்றின் எழுத்து அளவிலேயே எழுதி, முத்திரை குத்தி, இருபத்திநான்காவதை எடுத்தார்.

முப்பத்தேழாவதின் மை காய்வதற்குள் தேநீர் முடிந்துவிட்டது.

முதலில் உள்ளே வந்த அதிகாரிக்குப் பதிவேடு திறந்து கிடப்பதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. “என்னய்யா பண்ணே?”

“மேசைக்கு வந்தது சார். பதிஞ்சுட்டேன்.”

சூளைக்காரர் பலகையைப் பார்த்தார், முத்திரைகளைப் பார்த்தார். “காட்டத்தானேடா கொண்டு வரச் சொன்னேன்? கொடுக்கவா சொன்னேன்?”

“அது எனக்குத் தெரியலீங்க. பலகை இங்கதான் வந்தது.”

“அடிச்சிடு” என்றார் அதிகாரி மெதுவாக. “சிவப்பு மையில ஒரு கோடு போட்டு, தவறுதலாப் பதிஞ்சதுன்னு எழுது.”

“ஒரு பதிவை அடிக்கணும்னா காரணம் எழுதித் தலைநகரத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கணும் சார். முப்பத்தேழுக்கும் தனித்தனியா.” எழுத்தர் கொஞ்சம் யோசித்தார். “அந்த அனுமதி வர்றப்ப, அதையும் அண்ணன்கிட்ட காட்டிட்டுத்தான் வரணுமான்னு சொல்லிடுங்க.”

கதவோரம் நின்ற பியூனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நடைபாதைக்குப் போய் இருமினார். இருமல் சிரிப்பு மாதிரி கேட்டது.

ஆராய்ச்சிக்கார அம்மா தன் பட்டியலைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். “முன்னூத்திப் பதினொண்ணு. முன்னூத்திப் பதினொண்ணு. சரியாப் போச்சு. தபால் மேல குறை இல்ல.” போஸ்ட் மாஸ்டர் அப்போதுதான் உட்கார்ந்தார், முதல் தடவையாக முதுகைச் சாய்த்து. தபால் பையைக் கட்டுகிற நேரம் நினைவுக்கு வர, உடனே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

“அம்மா,” என்றார் அதிகாரி, “பதினேழாவதுக்கு முப்பத்தேழுன்னு போட்டா, நாங்க எத்தனாவது?”

அவர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். “பெற்ற நாள் எதுன்னு எடுத்துக்கறதுன்னு இருக்கு. இதையெல்லாம் தபால் நிலையம் கொடுத்த நாள்லேருந்து எண்ணினா… நூத்திப் பதினொண்ணாவது.”

“கடைசி யாரு?” என்று கேட்டார் சூளைக்காரர். அந்த நிலையிலும் அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

“மூணாவது நாட்டுல ஒரு அலுவலகம். அங்க பதிவேட்டை ஆடு தின்னுடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. சூளைக்காரர் எழுந்து மேல்துண்டை உதறினார். செம்மண் பறந்தது.

“பதிஞ்சா என்ன? எழுதினது எல்லாம் நடந்துடுமா? என் களத்துல வந்து கயிறு பிடிச்சு மனை அளக்க யாரு வருவா? இவனா?”

கேள்வி எழுத்தரை நோக்கி வந்தது. வருவார்களா மாட்டார்களா என்பது பதிவேட்டில் எழுதும் விஷயம் இல்லை. ஆராய்ச்சிக்கார அம்மா மட்டும் சூளைக்காரர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். எழுதி அடிக்கோடும் போட்டார். அதைப் பார்த்த அதிகாரி பேனாவை எடுத்தார். அவர் முன் இரண்டு வழிதான் இருந்தது. ‘எதுவுமில்லை’ என்று கையெழுத்துப் போட்டால், அளக்க வந்தவர் கண்ணெதிரே பொய். முப்பத்தேழு என்று போட்டால் நூற்றுப் பதினொன்றாவது இடம். அவர் மின்விசிறியைப் பார்த்தார், காலியான நாற்காலியைப் பார்த்தார், முப்பத்தேழு என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ரெண்டு வாரத்துல உனக்கு மாற்றல் வந்துடும்” என்றார் எழுத்தரிடம், கோபமில்லாமல். “எனக்கும்தான்.”

“வந்தா நானே பதிஞ்சுக்கறேன் சார்.”

ஆராய்ச்சிக்கார அம்மா கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. மற்ற நூற்றுப் பதினொரு அலுவலகமும் தபாலில்தான் அனுப்பியிருக்கின்றன, இதுவும் தபாலில்தான் வரவேண்டும் என்றார். ஒப்பிடுகிறவருக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எழுத்தருக்கு அது பிடித்தது.

அதை உறையிலிட்டு மூடிவிட்டு, அவர் இன்னொரு தாள் எடுத்தார். உத்தரவில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எழுத்தருக்கு இல்லை. ஆனால் ஒரு காகிதம் வந்து சேர்ந்தது என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தில், ‘அதிகாரிக்காக’ என்று போட்டு அவரே கையெழுத்திடலாம். பத்துத் தடவை அப்படித்தான் வரவில்லை என்று எழுதினார்.

‘அம்மையீர், தங்களின் பதினொன்றாம் மனு கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் உத்தரவு இவ்வலுவலகத்தில் இன்று பெறப்பட்டது. பதிவு எண் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. உத்தரவின் உண்மை நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’

அதற்கு மேல் ஏதாவது எழுதலாமா என்று பேனா நின்றது. அந்தப் படிவத்தில் அதற்கு மேல் இடம் கிடையாது. கையெழுத்திட்டார்.

இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பியூன் கையை நீட்டினார். எழுத்தர் தலையசைத்தார். “இன்னிக்கு நானே போறேன்ணே.” பியூன் நீட்டிய கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். மேல் உறையில் இருந்த தன் பெயரைப் படித்துவிட்டாள். “எனக்குத்தானே? கையிலயே குடேன்.”

“தபால்ல வரும்க்கா.”

“இருபதடி தூரத்துல நிக்கறேன், தபால்ல வருமா?”

“பதிவுத் தபால்ல அனுப்பினா அவங்க புத்தகத்துல நம்பர் விழும். அப்புறம் யாரும் வரலைன்னு சொல்ல முடியாது. நான்கூட.”

அக்கா காலியான பிளாஸ்டிக் உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். சூளையைத் தாண்டும்போது களத்தில் பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. கணக்கர் வாசலுக்கு வந்து, எழுத்தரின் கையில் இருந்த உறைகளைப் பார்த்து, வழக்கப்படி கையை நீட்டப் போய் நிறுத்திக்கொண்டார். எழுத்தர் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

தபால் நிலைய ஜன்னலில் போஸ்ட் மாஸ்டரே உட்கார்ந்திருந்தார். இரண்டு உறைகளையும் எடை போட்டு, எண் ஒட்டி, ரசீது எழுதினார்.

“நான்தான் இந்த விலாசம்” என்றாள் அக்கா. “இங்கயே நிக்கறேன். இப்படியே நீட்டிடுங்களேன்.”

“வீட்டு விலாசத்துலதான்ம்மா கொடுக்கணும். நாளைக்குக் காலையில வரும்.”

“அப்போ நான் போய் வீட்டைப் பூட்டாம வைக்கறேன்” என்று அவள் திரும்பி நடந்தாள்.

போஸ்ட் மாஸ்டர் உறை ஒட்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. இருந்தாலும் பசை டப்பாவை எடுத்து ஓரத்தில் இன்னொரு கோடு தடவினார். தேதி முத்திரையைத் தூக்கி, முதல் உறையில் ஒரு குத்து, இரண்டாவதில் ஒரு குத்து. இரண்டையும் பைக்குள் போட்டு, வாயை இழுத்துக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்தார்.